கரும்பித்தமும் காதலும்: போஸ்னியாவின் செவ்தாலிங்காப் பாடல்கள்

முன்னுரை

ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் மலைநாட்டில் அமைந்துள்ளது போஸ்னியா–ஹெர்ஸகோவினா. அந்நாட்டு நகரங்களில் பல நூற்றாண்டுகளாகப் பாடப்பெற்று வரும் காதற்பாடல் வகைக்குச் 'செவ்தாலிங்கா' என்பது பெயர். உழவர் பாட்டாகவோ அரசவைப் பாட்டாகவோ அன்றி, நகரத் தெருவிலும் முற்றத்திலும் பலகணியோரத்திலும் பிறந்த பாட்டு இது. 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் செவ்தாலிங்காவைச் சேர்த்தது.

பட்டியலில் ஏறுவது ஒரு கலைக்குப் பெருமையே. எனினும் அழியும் நிலையிலுள்ளவற்றையே உலகம் பட்டியலிடுகிறது என்னும் ஐயமும் உடன் எழுவது இயல்பு. செவ்தாலிங்கா காட்சிப்பொருளாகி விட்டதா, இன்னும் உயிருள்ள பாட்டாக இருக்கிறதா என்னும் வினா அந்நாட்டுப் பாடகர்களிடையே நெடுநாளாக வழங்கி வருவது. இப்பாட்டு பிறந்த சூழல், அதன் பாடுபொருள், அதனைக் காத்தவர்களும் மாற்றியவர்களும் செய்த பணி, 1992–95 போருக்குப் பின்னரும் அது தழைத்த முறை ஆகியவற்றை வரலாற்று நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'செவ்தா' என்னும் துருக்கியச் சொல் காதலைக் குறிக்கும். இச்சொல்லின் மூலம் கருமையைக் குறிக்கும் 'சவ்தா' என்னும் அரபுச் சொல். கருமைக்கும் காதலுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு விடை மருத்துவ வரலாற்றில் கிடைக்கிறது. பண்டைக் கிரேக்க மருத்துவம் உடலின் நீர்மங்களைக் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்காகப் பகுத்தது. கரும்பித்தம் மிகுந்தால் மனம் வாடும்; உண்ணலும் உறங்கலும் குறையும்; எண்ணம் ஒன்றிலேயே நிற்கும் என்பது அம்மருத்துவர்தம் கொள்கை. அதனை ஏற்ற அரபு மருத்துவர் கரும்பித்தத்தைச் 'சவ்தா' என்று வழங்கினர். தமிழகத்திலும் பயிலப்படும் யூனானி மருத்துவத்தில் இச்சொல் இன்றும் அதே பொருளில் வழங்குகிறது.

நோயின் பெயர் துருக்கியில் காதலின் பெயராயிற்று. கைகூடாக் காதலைத் துருக்கியர் 'கரா செவ்தா' என்பர். 'கரா' என்பதற்கும் கருமை என்பதே பொருள் ஆதலின், இத்தொடரில் கருமை இருமுறை வந்துள்ளது. போஸ்னியரின் 'செவ்தாஹ்' காதல், ஏக்கம் ஆகிய இரண்டினையும் குறிப்பதோடு, ஏக்கத்தில் தோய்ந்து கிடப்பதில் உண்டாகும் ஓர் இன்பத்தையும் குறிக்கும். இச்சொல்லின்மேல் ஸ்லாவிய மொழி ஈறு சேர்ந்து பிறந்ததே 'செவ்தாலிங்கா' என்னும் பெயர். இப்பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். பாட்டு பழையது, பெயர் பிந்தியது.

நகரமும் பலகணியும்

கி.பி. 1463இல் போஸ்னிய அரசு உதுமானியத் துருக்கியரிடம் வீழ்ந்தது. அக்காலத்தை ஒட்டி ஈசா பேக் என்னும் ஆளுநர் சரயேவோ நகருக்கு அடித்தளம் இட்டார். பதினாறாம் நூற்றாண்டில் காஸி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் கடைவீதியும் அமைத்து அதனைப் பெருநகராக்கினார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழியினரும் அங்கே வந்து குடியேறினர். பள்ளிவாசல், கீழைத் திருச்சபைக் கோயில், கத்தோலிக்கக் கோயில், யூதர் தொழுகைக்கூடம் ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்த நகரம் அது.

நகரம் 'மஹலா' என்னும் சிறு குடியிருப்புகளாகப் பிரிந்திருந்தது. வீட்டைச் சுற்றி உயர்ந்த மதில், உள்ளே கல் பாவிய முற்றம், அப்பால் பூந்தோட்டம், தெருவை நோக்கிய பலகணியில் மரச்சட்டத்தாலான பின்னல் தட்டி. உள்ளிருப்பவள் வெளியே காணலாம்; வெளியே நிற்பவன் உள்ளே காண இயலாது. இக்கட்டட அமைப்பே செவ்தாலிங்காவின் களம். விழா நாள்களிலும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களிலும் இளைஞர்கள் மஹலாக்களின் வழியே உலவுவர். கன்னியர் வாயிற்கதவின் பின்னோ பலகணியிலோ நிற்பர். கதவை இடையிட்டு உரையாடல் நிகழும். 'ஆஷிக்' என்றால் காதலன். எனவே இவ்வழக்கத்திற்கு 'ஆஷிகோவாஞ்யே' என்பது பெயர். பெற்றோர் அறிந்தும் அறியாதார் போல் இருந்தனர். ஊர் ஏற்ற எல்லைக்குள் காதல் பேசப்பட்டது. எல்லையைக் கடந்தது பாட்டு மட்டுமே. வாயால் நேரே சொல்ல இயலாததைத் தெருவில் போகிறவன் பாடிச் சென்றான். மதிலுக்குள் இருந்தவள் தன் பாட்டால் விடையிறுத்தாள்.

பாடியோர் யார்?

செவ்தாலிங்காக்களில் மிகப் பல ஆசிரியர் பெயரற்றவை. ஆயினும் பெரும்பாலான பாடல்கள் பெண்குரலில் அமைந்திருப்பது கருதத்தக்கது. தாயிடம் முறையிடும் மகள், விரும்பாத முதியவனுக்கு மணமுடிக்கப்பட்டவள், காதலன் வேறொருத்தியை மணக்கும் ஊர்வலத்தைத் தட்டி வழியே காண்பவள், கொள்ளைநோயில் காதலனை இழந்தவள் என இவர்கள் பலராவர். இவை பெண்கள் இயற்றியவை என்பதற்கு அவர்கள் தம்முள் கூடிப் பாடிய முறையும் சான்றாகிறது.

பெண்கள் தனித்துக் கூடும் மாலைகளில் இசைக்கருவி இருப்பதில்லை. தாழ்ந்த உணவு மேசைமீது பெரிய செம்புத் தாம்பாளத்தை நிறுத்தி, அதனை ஒருத்தி கையால் சுழற்றுவாள். அது சுழலும்போது எழும் முழக்கமே சுருதியாக, அவள் தன் குரலைத் தாம்பாளத்தின்மேல் செலுத்திப் பாடுவாள். ஆண்கள் கூடும் இடத்திலோ நீண்ட கழுத்துடைய 'ஸாஸ்' என்னும் நரம்புக்கருவி பாட்டைத் தாங்கியது.

பெயர் தெரிந்த பெண் ஒருத்தியையும் வரலாறு காட்டுகிறது. ஏறத்தாழ 1794இல் சரயேவோவில் பிறந்த உமிஹானா சுவிதினா, போஸ்னியாவில் பெயரறியப்பட்ட முதற்பெண்கவிஞர் எனக் கருதப்படுபவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட வீரன் 1813இல் செர்பியக் கிளர்ச்சிக்கு எதிரான போரில் மாண்டான். உமிஹானா அதன்பின் மணம் செய்யவில்லை. போஸ்னிய மொழியை அரபு வரிவடிவில் எழுதி, இழந்தவனையும் அவனுடன் சென்ற வீரர்களையும் பாடினார். முழுமையாகக் கிடைப்பது 79 அடிகள் கொண்ட ஒரு பாடல் மட்டுமே. பெயர் தெரியாத பிறர் எத்துணைப் பேர் என்பதை இந்த ஒரு பெயரே உணர்த்துகிறது.

பாடுபொருளும் யாப்பும்

செவ்தாலிங்கா இடத்தைப் பெயர் சுட்டிப் பாடும். சரயேவோவின் மில்யாட்ஸ்கா ஆறு, அதன் கரையிலுள்ள பெம்பாஷா, மோஸ்டார் நகரத்துத் தெரு, பன்யா லூக்கா நகரத்து வீடு ஆகியவை பாட்டில் வெளிப்படையாக வரும். மாந்தரும் பெயரோடு வருவர். 1574இல் ஸ்பிலிட் நகர ஆளுநர் வெனிஸ் ஆட்சி மன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், முஸ்லிம் இளைஞனாகிய ஆதிலும் கிறித்துவப் பெண்ணாகிய மாராவும் கொண்ட காதலை மக்கள் பாடுவதாகக் கூறப்பட்டிருப்பதை ஆய்வாளர் முன்வைப்பர். சமயம் கடந்த காதல் இப்பாடல்களுக்கு அன்றே பொருளாயிற்று என்பதற்கு இது சான்று.

இங்கு ரோசா, கார்னேஷன், ஹயசிந்த் என வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த பூக்களையே காணலாம். நீரூற்று, நிலவு, குதிரை, பொற்காசு ஆகியனவும் திரும்பத் திரும்ப வருவன. தாய் ஒரு பாட்டில் துணையாவாள், மறுபாட்டில் தடையாவாள்.

யாப்பினைக் கவிஞர்கள் ஊன்றிக் காணலாம். தென்ஸ்லாவிய வீரகாவியங்களும் காதற்பாடல்களும் பத்தசை அடியைக் கையாளுகின்றன. காவிய அடி நான்கும் ஆறுமாகப் பிரியும். காதற்பாட்டின் அடி ஐந்தும் ஐந்துமாகச் சமமாகப் பிரியும். அசை எண்ணிக்கை ஒன்றே. நிறுத்தம் விழும் இடம் மாறியதால் ஒன்று கதையை நடத்திச் செல்கிறது, மற்றொன்று நின்று நெகிழ்கிறது. எட்டசை அடியும் பெருவழக்கினது.

இசையில் தாளக் கட்டுப்பாடு தளர்ந்தே இருக்கும். பாடுபவர் ஓர் உயிரொலியை விரும்பும் அளவுக்கு நீட்டி அதனுள் நுண்ணிய அசைவுகளைப் பெய்வர். துருக்கிய இசையின் ஹிஜாஸ் முறையை நினைவூட்டும் அகன்ற சுர இடைவெளி பல பாடல்களில் கேட்கும். மெட்டு பெரும்பாலும் ஆதாரச் சுரத்தில் முடியாது, அதற்கடுத்த சுரத்தில் நின்றுவிடும். கேட்போர்க்குப் பாட்டு முடிந்தும் முடியாதது போன்ற உணர்வு உண்டாவது இதனால்தான்.

ஏட்டுக் கவிதை நாட்டுப் பாட்டாதல்

வாய்மொழியிலிருந்து ஏட்டுக்குச் செல்வது பொதுவான வழி. செவ்தாலிங்கா எதிர்வழியிலும் சென்றுள்ளது. மோஸ்டாரில் பிறந்த செர்பியக் கவிஞர் அலெக்ஸா ஷான்டிச் (1868–1924), தம் அண்டை வீட்டு முஸ்லிம் பெண் ஒருத்தியின் அழகைப் பாடி 1902இல் 'எமினா' என்னும் கவிதையை எழுதினார். மக்கள் அதனை மெட்டமைத்துத் தமதாக்கிக் கொண்டனர். இன்று அது மோஸ்டாரின் பாட்டு.

இதனினும் வியப்பானது 'அஸ்ரா' கவிதையின் பயணம். காதலித்தால் இறந்துபடுவர் என்று பெயர் பெற்ற உத்ரா குலத்தாரைப் பற்றிய கதை அரபு இலக்கியத்தில் பழையது. யூதக் குடும்பத்தில் பிறந்த செருமானியக் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே அதனைக் கருவாகக் கொண்டு, சுல்தானின் மகளைக் கண்டு நாளும் வெளிறிப்போகும் அடிமையைப் பாடினார். அது 1851இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பில் இடம்பெற்றது. போஸ்னியக் கவிஞரும் அறிஞருமான சஃப்வெத் பேக் பஷாகிச் (1870–1934) அதனை மொழிபெயர்த்தார். நீரூற்றும் மாலையும் பேச இயலாத காதலும் கொண்ட அம்மொழிபெயர்ப்பு செவ்தாலிங்காவாயிற்று. பாடுவோர் பலர் அதனைத் தம் பாட்டன் காலத்துப் பாட்டென்றே நம்பினர். அரபு நாட்டில் தோன்றி, செருமானிய மொழியில் கவிதையாகி, போஸ்னியாவில் நாட்டுப்பாட்டான இது, மரபு என்பது ஏற்கும் ஆற்றலே என்பதைக் காட்டுகிறது.

தொகுத்தவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த எர்லாங்கன் கையெழுத்துப் படி, தென்ஸ்லாவிய வாய்மொழிப் பாடல்களின் மிகப் பழைய தொகுப்புகளுள் ஒன்று. செவ்தாலிங்காவின் முன்வடிவங்கள் எனத்தக்க பாடல்கள் இதில் உள்ளன. கெர்ஹார்ட் கெசமான் இதனை 1925இல் பதிப்பித்தார்.

1878இல் போஸ்னியா ஆஸ்திரிய–ஹங்கேரிய ஆட்சிக்கு உட்பட்டது. செக் நாட்டு ஓவியரும் இசை தொகுப்பாளருமான லுட்விக் கூபா 1893இல் போஸ்னியாவில் சுற்றி, பாடல்களை இசைக்குறிப்புடன் எழுதினார். 1907இல் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃபிரான்ஸ் ஹாம்பே சரயேவோவில் பாடகர்களின் குரலைத் தட்டில் பதித்தார். அக்காலத்தில்தான் அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவி வந்து, காப்பிக்கடைகளில் ஸாஸின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். இரவு முழுதும் நீளக்கூடிய பாட்டு அதற்குள் சுருங்க நேர்ந்தது.

சரயேவோ யூதப் பெண்ணான லௌரா பாப்போ (1891–1942) தம் சமூகத்து மூதாட்டியரிடமிருந்து ஸ்பானிய யூதப் பாடல்களைத் தொகுத்தார். போஸ்னிய யூதப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி 1931இல் ஒரு நூலும் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் அச்சமூகத்தின் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அண்டை வீடுகளுக்கிடையே மெட்டுகள் பரிமாறிக்கொள்ளப்பட்ட ஒரு வாயில் அன்றே மூடப்பட்டு விட்டது.

1933 முதல் 1935 வரை அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி, மாணவர் ஆல்பர்ட் லார்டுடன் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தபோது, ஹெர்ஸகோவினாவின் காட்ஸ்கோ பகுதி முஸ்லிம் பெண்களின் பாடல்களையும் பதிந்தார். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் அவற்றுள் 75 பாடல்களை இசைக்குறிப்பாக்கினார். அவர்தம் மறைவுக்குப்பின் 1951இல் அந்நூல் வெளிவந்தது.

வானொலிக் காலம்

1945 ஏப்ரலில் சரயேவோ வானொலி நிறுவப்பட்டது. அடுத்த நாற்பதாண்டுகள் செவ்தாலிங்காவின் பொற்காலம் என்பர். பாடகர் தேர்வு செய்யப்பெற்றே அமர்த்தப்பட்டனர். ஸைம் இமாமோவிச், நதா மமூலா, சஃபெத் இசோவிச், ஸெஹ்ரா தெயோவிச், பெபா செலிமோவிச் முதலியோரின் குரல்கள் யூகோஸ்லாவியா எங்கும் ஒலித்தன. இஸ்மெத் அலாய்பெகோவிச், யோவிட்ஸா பெட்கோவிச் ஆகியோரின் அக்கார்டியனும் யோஸோ பெனாவாவின் இசையமைப்பும் அக்குரல்களுக்குத் துணை நின்றன. முஸ்லிம், செர்பியர், குரோவாசியர் என்ற வேறுபாடின்றிப் பலரும் சேர்ந்து ஆக்கிய இசை இது என்பதற்கு இப்பெயர்களே சான்று பகரும்.

இவர்களுள் தனித்துக் கூறத்தக்கவர் ஹிம்ஸோ பொலோவினா (1927–1986). மோஸ்டாரில் பிறந்த இவர் தொழிலால் நரம்பு, மனநல மருத்துவர். கரும்பித்தத்தின் பெயர் பூண்ட பாட்டினை, மனத்துயர் தீர்க்கும் மருத்துவரே தலைமையிடத்தில் நின்று பாடியது பொருத்தமுடைத்து. முதியோர் பலரிடம் சென்று மறந்துபோன பாடல்களைக் கேட்டறிந்து மீட்டவரும் இவரே. குரலை உயர்த்தாது, சொல்லின் பொருள் கெடாது, பேசுவது போலப் பாடுவது இவர்தம் முறை.

வானொலி காத்தது, எனினும் ஒன்றைக் கட்டவும் செய்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் வானொலி ஒலித்த வடிவமே 'சரியான' வடிவமாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட மெட்டுகளும் சொல்லாட்சிகளும் பின்தள்ளப்பட்டன. ஸாஸ் அரிதாயிற்று, எமினா ஸெசாய் போன்ற சிலரே ஸாஸின் துணையுடன் பாடும் பழைய முறையைக் கைவிடாதிருந்தனர். பன்யா லூக்காவைச் சேர்ந்த இசையறிஞர் விளாதோ மிலோஷெவிச் 1964இல் வெளியிட்ட 'செவ்தாலிங்கா' என்னும் நூல், பழைய பாடுமுறையின் அமைதியை ஆய்வுக்கு உட்படுத்திக் காட்டியது.

போரும் பாட்டும்

1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. 1,425 நாள்கள் நீடித்த அம்முற்றுகையில் 11,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் கீழைத்தேயவியல் நிறுவனம் எரிக்கப்பட்டு, 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. ஆகஸ்டு இறுதியில் தேசிய நூலகம் எரிந்தது. 1993 நவம்பர் 9 அன்று மோஸ்டாரின் பழைய பாலம் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் வீழ்த்தப்பட்டது. பாட்டில் பெயர் சொல்லப்பட்ட மஹலாக்கள் பலவற்றில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் இழந்தனர். ஸைம் இமாமோவிச் 1994 பிப்ரவரியில், முற்றுகைக்குள் அடைபட்ட சரயேவோவிலேயே காலமானார்.

இவ்விடத்தில் எழும் வினா எளிதன்று. செர்பியக் கவிஞன் முஸ்லிம் பெண்ணைப் பாடிய 'எமினா'வை, அவ்விரு சமூகமும் போரில் எதிரெதிர் நின்ற பின் எவர் பாடுவது? செவ்தாலிங்கா முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது என்றோரும், துருக்கியர் விட்டுச் சென்ற எச்சமே என்றோரும் உளர். வரலாறு இரு கூற்றையும் ஏற்கவில்லை. முஸ்லிம் நகர வாழ்வே அதன் தாய்மடி என்பதில் ஐயமில்லை. துருக்கியச் சொல்லும் இசைமுறையும் அதில் கலந்திருப்பதும் மெய். ஆயினும் மொழி ஸ்லாவியம், யாப்பு ஸ்லாவியம், பாடியவரும் இசைத்தவரும் எல்லாச் சமூகத்தாரும் ஆவர். புலம்பெயர்ந்து செருமனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் முதலிய நாடுகளில் வாழ நேர்ந்த போஸ்னியர்க்கு அப்பாட்டே ஊரின் வழித்தடமாயிற்று.

இன்றைய பாடகர்கள்

போர் முடிந்தபின் மறுமலர்ச்சி மோஸ்டாரிலிருந்து தொடங்கியது. தயாரிப்பாளர் த்ராகி ஷெஸ்டிச்சின் முயற்சியால் உருவான 'மோஸ்டார் செவ்தா ரீயூனியன்' என்னும் குழு 1999இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஷாபான் பய்ராமோவிச், லில்யானா பட்லர் ஆகிய ரோமா இனப் பாடகர்களோடும் இக்குழு இணைந்து பாடியது. சரயேவோவின் அமிரா மெதுன்யானின் 2005இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டு, செவ்தாலிங்காவை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றார். 2008இல் சரயேவோவின் பழைய கடைவீதியில் செவ்தாஹ் கலைமனை என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ஸைமின் பேரர் தமிர் இமாமோவிச் (பிறப்பு 1978) பாடகர் மட்டுமல்லர், ஆய்வாளரும் ஆவார். பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டு, வானொலிக்கு முன்பு பல வடிவங்கள் வழங்கியதை 2016இல் வெளியிட்ட 'செவ்தாஹ்' நூலில் எடுத்துரைத்தார். 2020இல் வந்த தம் இசைத்தொகுப்புக்கு ஆல்பர்ட் லார்டு எழுதிய நூலின் பெயரையே சூட்டினார். வாய்மொழிப் பாடகன் மனனம் செய்ததை ஒப்பிப்பதில்லை, பாடுந்தோறும் புதிதாக ஆக்குகிறான் என்பது லார்டு நிறுவிய உண்மை. தாத்தா வானொலியில் நிலைநிறுத்திய வடிவத்தைப் பேரன் அசைத்துப் பார்ப்பது மரபை மீறுவதாகச் சிலர்க்குப் பட்டது. மரபின் பழைய இயல்புக்கே அது திரும்புவதாகும்.

ஃபோச்சா நகரில் பிறந்த போஷோ விரேச்சோ (பிறப்பு 1983) பெண்குரலில் அமைந்த பாடல்களைப் பெண்ணின் ஆடையணிந்து பாடுகிறார். இதனால் கண்டனமும் எழுந்தது, அரங்கும் நிறைந்தது. ஆண் பெண்ணின் சொல்லை மாற்றாது பாடுதல் செவ்தாலிங்காவில் புதிதன்று. சொல்லில் இருந்ததை அவர் உடையிலும் காட்டினார்.

முடிவுரை

மோஸ்டாரின் பாலம் 2004இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆற்றில் வீழ்ந்த பழைய கற்கள் பயன்படாமையால், அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டிப் பழைய முறையில் அடுக்கினர். செவ்தாலிங்காவும் அவ்வாறே நிற்கிறது. பலகணித் தட்டிகள் இன்று இல்லை. கதவை இடையிட்ட காதலும் இல்லை. இருந்தும் நெஞ்சில் உள்ளதைச் சொல்ல இயலாத நிலை மாறவில்லை. அந்நிலை உள்ளவரை அதற்கொரு பாட்டு வேண்டும்.

யுனெஸ்கோ பட்டியல் பெயரைக் காக்கும்; ஒலிப்பதிவு ஒரு குரலைக் காக்கும். பாட்டைக் காப்பது, அதனைத் தன் துயராக எடுத்துப் பாடும் அடுத்த மனிதரே. பெயர் தெரியாத பெண்ணொருத்தி செம்புத் தாம்பாளத்தைச் சுழற்றிப் பாடியதை ஐந்நூறாண்டுகளாகத் தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் ஏற்று, சிறிது மாற்றி, மற்றொருவர்க்குத் தந்துள்ளார். கவிதையை ஏட்டில் எழுதுவோரும் தம் கவிதை ஒருநாள் தம் பெயர் நீங்கி மக்கள் வாயில் வாழ வேண்டுமென்றே விரும்புவர். ஷான்டிச்சுக்கும் பஷாகிச்சுக்கும் அந்தப் பேறு வாய்த்தது. உமிஹானாவோடு பாடிய எண்ணற்ற பெண்களுக்கோ, அது கேளாமலே வாய்த்தது.